கையேட்டின் அட்டையில் நிற்பது நான்தான்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், சேர்க்கைக் குழு, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் படித்து முடித்த சுற்றுச்சூழல் படிப்புக்கான இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேடு வெளிவந்துவிட்டது. என் சித்தி மகன் அதைக் கொண்டுவந்து காட்டி, “அக்கா, இது நீதானே?” என்று கேட்டான். நான்தான். முழங்கால் ஆழத் தண்ணீரில், மாதிரி எடுக்கும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன். “அப்போ நானும் இந்தப் படிப்பையே எடுக்கட்டுமா?” என்று அடுத்த கேள்வி கேட்டான். அவனுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் பேருந்தில் ஏற்றிப் போனார்கள். படம் எடுப்பவர் காட்டிய இடத்தில் நின்றோம். பாட்டிலை முக்கித் தூக்கிக் காட்டினோம். எடுத்து முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கச் சொன்னார்கள். மதியத்துக்குள் வளாகம் திரும்பிவிட்டோம். மூன்று ஆண்டுகளில் நாங்கள் ஆற்றில் கால் வைத்தது அந்த ஒரு நாள்தான். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான்: இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பிள்ளைகள் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாடத்திட்டம் எப்படிப் போனது என்பது உங்களுக்கே தெரியும். சுற்றுச்சூழலுக்காக உலக நாடுகள் எடுத்த முயற்சிகளின் வரிசை: 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1987 புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை, 1992 ரியோ மாநாடு, 2015இல் ஐ.நா. ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகள். இதே வரிசை நான்கு வெவ்வேறு பாடங்களில் முதல் அலகாக வந்தது. ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொரு துறையிலிருந்து வந்தவர் நடத்தினார். முந்தைய பருவத்தில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்கு தேர்விலும் அதையே எழுதி நான்கிலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். முதல் வகுப்பில் தேறினேன்.

பிறகு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கழிவுநீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. குழுவில் இருந்த மூத்த அம்மா ஒருவர் ஓர் அறிக்கைத் தாளை என் முன் தள்ளி, “இதைப் பாரும்மா, ஏதாவது தப்பு தெரியுதா?” என்றார். பத்துப் பன்னிரண்டு வரிகள். பி.ஓ.டி. 240, சி.ஓ.டி. 180 என்று இருந்தது. மேலிருந்து கீழே மூன்று முறை படித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “எல்லாம் சரியாக இருக்கிறது” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பேனா முனையால் அந்த இரண்டு எண்களையும் தொட்டுக் காட்டினார். தண்ணீரில் இருக்கும் அழுக்கில் நுண்ணுயிர்கள் தின்று செரிக்கக்கூடிய பங்குக்கு வேண்டிய ஆக்சிஜன்தான் பி.ஓ.டி. டைகுரோமேட்டும் அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைத்து, நுண்ணுயிர்கள் தொடாததையும் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்ய ஆகும் ஆக்சிஜனின் கணக்கு சி.ஓ.டி. பொதுவாக முதலாவது இரண்டாவதைத் தாண்டாது. தாண்டினால் எங்கோ பிழை நடந்திருக்கிறது. இரண்டு சொற்களின் விரிவாக்கமும் எனக்கு மனப்பாடம். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அந்த எண்களைப் பார்த்ததும் சந்தேகம் எழவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் எழக் கையால் செய்து பழகியிருக்க வேண்டும்.

வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா, “ஒரு வாரம் வந்து பார்த்துட்டுப் போம்மா” என்றார். போனேன். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 300 மில்லி பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டதும் பாட்டிலுக்குள் பழுப்பாக மேகம் போலத் திரண்டு கீழே இறங்கியது. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் அது வெள்ளையாகவே நின்றுவிடும். அமிலம் விட்டால் கரைந்து மஞ்சளாகிறது. பிறகு தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இடையில் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம் வரும். அந்த நீலம் சட்டென்று மறையும் சொட்டில் கை நிற்க வேண்டும். முதல் நாள் எனக்குக் கை நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டது. ஐந்தாம் நாள் சரியாக நின்றது. மூன்று ஆண்டுகள் சுற்றுச்சூழல் படித்தவள், தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று முதன்முறையாகப் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாதா? விடுதிக்குப் பின்னால் நமது வளாகத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வகுப்பறையிலிருந்து பத்து நிமிட நடை. அதைப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டாம் ஆண்டில் நாங்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். பதில் வரவே இல்லை. 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற அறிவியலாளர் தொடங்கிய, காற்றிலுள்ள கரியமில வாயு அளவீட்டின் வளைகோட்டை எத்தனையோ முறை திரையில் காட்டினீர்கள். அன்று பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்த எண்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கி, கணினியில் போட்டு, அந்தக் கோட்டை நாங்களே வரைந்திருக்கலாம். புள்ளியியல் பாடம் விருப்பப் பாடமாக இருந்தது, நடத்த ஆளில்லை என்று அதையும் எடுத்துவிட்டீர்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. மணிக்கணக்கில் கூலி பேசி அழைக்கப்பட்ட கௌரவ விரிவுரையாளர் ஒருவர், தன் கைக்காசில் வேதிப்பொருள் வாங்கி வந்து ஒரே ஒரு செய்முறையைச் செய்து காட்டினார். அடுத்த பருவத்தில் அவர் இல்லை. பழைய துறைகளின் பெயர்ப்பலகையை மாற்றி, ‘பசுமை’, ‘நிலைத்தன்மை’ என்று எழுதிப் புதுப் படிப்பு தொடங்குவது இன்று எங்கும் நடக்கிறது. காலநிலை பற்றிய பயத்தோடும், ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்போடும் பதினேழு வயதில் வருகிற பிள்ளையிடம் அந்தச் சொல்லை மட்டும் விற்பது பெரிய அநியாயம். 1977இல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் சுற்றுச்சூழல் கல்விக்காகக் கூடிய உலக மாநாடே, சுற்றுச்சூழல் கல்வியில் செயல்முறைக்கும் நேரடி அனுபவத்துக்கும் அழுத்தம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. நான் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு!

மன்னிக்க வேண்டும், கோபம் எழுத்தில் ஏறிவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எல்லோரும் ஆய்வகத்தில்தான் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு அறிவியலாளர்கள் கண்டு சொன்னார்கள். அது வேதியியல். அதை 1987இல் அந்த வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கையாக மாற்ற சட்டம், பொருளாதாரம், பேச்சுவார்த்தை தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இரண்டுக்கும் படிப்பு வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே படிப்பு அல்ல. உங்களுடையது கொள்கையும் சமூகமும் சார்ந்தது என்றால் அப்படியே சொல்லுங்கள், அதை விரும்பி வருகிறவர்கள் வருவார்கள். அறிவியல் என்றால் வேதியியல், உயிரியல், புள்ளியியல் எத்தனை மணி நேரம் கட்டாயம் என்று அச்சிடுங்கள். ஆற்றங்கரைப் படத்தைப் போட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் களத்துக்குப் போகும் நாட்கள் எத்தனை, ஆய்வக நேரம் எவ்வளவு, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கடைசியாகப் படித்து முடித்த மூன்று அணியினர் இப்போது என்ன செய்கிறார்கள், இவற்றை ஒரு பக்கத்தில் போட்டால் போதும். வேலை கிடைக்காதவர்களையும் சேர்த்தே எண்ணுங்கள். என்னையும் அதில் எண்ணுங்கள். சேரும் முன்பே சொல்லுங்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

சித்தி மகனுக்கு விண்ணப்பிக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. ஆறு, குளம் என்றால் அவனுக்கு உயிர், அவனைத் தடுக்க எனக்கு மனமில்லை. என் படத்தை எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். அந்தப் படத்தில் இருக்கும் மாணவர்கள் மூன்று ஆண்டுகளில் ஆற்றுக்குப் போன நாட்கள் ஒன்று என்று மட்டும் அதன் கீழே ஒரு வரி சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படத்தில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவள்