புயல் இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி முடியும்வரை வங்கக் கடல் உங்கள் முதல் பக்கத்துக்கு அடிக்கடி வரும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சீர்காழிக்குக் கிழக்கே, திருமுல்லைவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சம்பா போடுகிறேன். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்ப்பதால் உரம் வாங்குவது முதல் ஆள் கூப்பிடுவது வரை எல்லாம் என் தலையில்தான். பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது வானிலைச் செய்தி.

அது எப்போதும் ஒரே கேள்வியைத்தான் சுற்றுகிறது: புயலாகுமா, ஆகாதா? புயலானால், பெயர், படம், எந்த ஊரை நோக்கி வருகிறது என்று ஒரு கோடு. ஆகாவிட்டால், "வலுவிழந்தது, ஆபத்து நீங்கியது" என்று உள்பக்கத்தில் நான்கு வரி. எங்கள் ஊர்ப்பக்கத்தைக் கவிழ்ப்பது அந்த நான்கு வரிதான்.

2022 நவம்பர் 12-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் பெய்தது 44 சென்டிமீட்டர். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் மாநிலத்துக்குச் சராசரியாகத் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்தது புயல் அல்ல, பெயர்கூட வைக்காத ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. தூர் கட்டிக்கொண்டிருந்த பயிர் முழுகிப்போனது. இலை நுனி வெளியே தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். நுனியும் முழுகி நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் குருத்து அழுகிவிடும். வடிந்த பிறகு வயலில் இறங்கிப் பிடித்துப் பார்த்தேன். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, குருத்து கையோடு வந்தது, முனை வழவழவென்று, நாற்றத்தோடு. பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசித் தேதி என்பதால் பணம் கட்டாமல் இருந்தவர்கள் பாடு தனிக்கதை. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் தந்தார்கள். வாங்கிக்கொண்டோம்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று வானிலை ஆய்வு மையம் படி பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். மழை எவ்வளவு என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. காற்று குறைந்தால் கூரைக்கும் தென்னைக்கும் நல்லது. 2018-இல் கஜா வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள் காற்றை லேசாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வலுவிழந்த புயல் சின்னம் சில சமயம் நகராமல் ஒரே இடத்தில் குந்திக்கொள்ளும். கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே பகுதியில் கொட்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் அதைத்தான் செய்தது. இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் வலுக் குறைந்து, ராமநாதபுரம் கரையருகே நின்றது. தண்ணீர் புகுந்ததோ தொலைவில் இருக்கும் சிதம்பரம் நடராஜர் கோயிலில். கொள்ளிடம் ஊரில் ஒரே நாளில் 36 சென்டிமீட்டர் மழை.

காயல்பட்டினம் இன்னும் மோசம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மிதக்கவிட்டு, ஆந்திராவில் கரையேறியது. அப்போது எல்லார் கண்ணும் அங்கே. இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குமரிக் கடல் பக்கம் இருந்தது தாழ்வுப் பகுதிகூட இல்லை, வெறும் வளிமண்டலச் சுழற்சி. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே ஒரு கோரிக்கை. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. இன்று யூரியா போடலாமா, போட்டால் நாளை மழை அடித்துக்கொண்டு போய்விடுமா, வரப்பை வெட்டி வடிய விட ஆளுக்கு இன்றே சொல்லிவைக்க வேண்டுமா, இவைதான் முதல் கேள்வி. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தை மட்டும் போடாமல் அது எத்தனை சென்டிமீட்டர் மழையைக் குறிக்கிறது என்பதையும் போடுங்கள். ஆரஞ்சு என்றால் பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது என்று தெரிந்தால், என் வடிகால் எவ்வளவு தாங்கும் என்பதை நானே கணக்குப் போட்டுக்கொள்வேன். முந்தைய நாள் எந்தெந்த ஊரில் எவ்வளவு பெய்தது என்பதையும் ஊர்வாரியாகப் போடுங்கள். நான்கு பெரிய ஊரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கொள்ளிடத்தில் பெய்ததும் மணல்மேட்டில் பெய்ததும் எங்களுக்கு வெவ்வேறு செய்தி.

முடிந்தால் கடல் ஏற்ற, வற்ற நேரமும் வேண்டும். எங்கள் தண்ணீர் உப்பனாறு வழியாகத் திருமுல்லைவாசலில்தான் கடலில் சேர வேண்டும். ஏற்ற நேரத்தில் கடல் அதை வாங்காது, எதிர்த்து நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். 2022-இல் அந்த மழை பெய்தது சந்திர கிரகணப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். வாய்க்கால் தூர்வாராததையும் ஆகாயத்தாமரையையும் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் பக்கத்தில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். ராசிபலனில் பாதியை டிசம்பர் வரை எங்களுக்குக் கொடுங்கள். என் ராசிக்கு எப்படியும் தினமும் பண வரவு என்றுதான் போடுகிறீர்கள்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.