ஆற்றங்கரையில் இடம் கேட்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளில் சுற்றுலா போவது பற்றி வந்த கட்டுரையை, சான் அன்டோனியோவில் மகள் வீட்டில் இருந்தபடி படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் இந்த வண்டிகளை நிறுத்தி இரவு தங்கும் கேம்ப்கிரவுண்டு நல்லதா என்பதற்கு அடையாளமாக நீச்சல் குளம், வைஃபை, குழந்தைகளுக்கான சறுக்குமரம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ஆற்றை ஒட்டிய இடம் காலியாக இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். டெக்சாஸில் வசிக்கிற எவராலும் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

நான் மதுரை மாவட்டத்தில் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருமகன் வாங்கிய 28 அடி நீள மோட்டார் ஹோமில் நானும் மனைவியும் பல மாநிலங்களில் தங்கியிருக்கிறோம். பகலில் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். இரவு முழுவதும் குடும்பத்தோடு உறங்கப்போகும் இடத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

2025 ஜூலை 4 விடியற்காலையில், எங்கள் ஊருக்கு வடமேற்கே கெர் கவுண்டியில் குவாதலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. சுதந்திர தின விடுமுறை என்பதால் கரையோர ஆர்.வி. பார்க்குகளில் கூட்டம். ஆட்கள் உறங்கிக்கொண்டிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. டெக்சாஸ் மலைநாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் அவர்களில் உண்டு. இதே ஆற்றில் 1987 ஜூலையிலும் முகாமிலிருந்து வெளியேறிய பஸ் ஒன்று வெள்ளத்தில் சிக்கி, 10 பதின்வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த நிலத்தின் அமைப்பு அப்படி. மேலே மெல்லிய மண், அடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையை நிலம் உறிஞ்சுவதில்லை, அப்படியே ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. நாம் தங்கியிருக்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே எங்கோ கொட்டிய மழை இருட்டில் வந்து சேரும்.

ஆர்.வி.யில் இருப்பவருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. காரில் ஏறிச் சாவியைத் திருப்புவது போல ஒரு மோட்டார் ஹோமைக் கிளப்பிவிட முடியாது. மின்கம்பியைக் கழற்ற வேண்டும், தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும், கழிவுக் குழாயை மூட வேண்டும், பக்கவாட்டில் நீட்டிய அறையை உள்ளே இழுக்க வேண்டும், தாங்கிகளைத் தூக்க வேண்டும். பழகிய கைகளுக்கே கால் மணி நேரம் ஆகும். வேகமாக ஓடும் தண்ணீர் 2 அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை அடித்துப்போய்விடும் என்கிறது அமெரிக்க வானிலைச் சேவை. அந்த நேரத்தில் செய்யக்கூடியது, வண்டியை விட்டுவிட்டு மேட்டை நோக்கி நடப்பது ஒன்றுதான். அந்த மேடு எந்தப் பக்கம் என்பது பகலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஓர் இடத்தைப் பதிவு செய்யும் முன் நான் முதலில் பார்ப்பது அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடம். முகவரியைக் கொடுத்தால் அந்த இடம் வெள்ள அபாயப் பகுதியில் வருகிறதா என்று இலவசமாகக் காட்டும். அடுத்து, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி இரண்டு கேள்விகள் கேட்பேன்: இரவில் வெள்ள எச்சரிக்கை வந்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? வெளியேறும் வழி ஆற்றைக் குறுக்கிடும் தாழ்வான பாலம் வழியாகப் போகிறதா? தெளிவான பதில் வராத இடத்தில் நாங்கள் தங்குவதில்லை. கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்குகளில் அவசர எச்சரிக்கை வந்து சேராது என்பதால், பேட்டரியில் ஓடும் வானிலை வானொலி ஒன்றைப் படுக்கை அருகே வைத்திருக்கிறோம். ஆறு பார்க்க ஆசையாக இருந்தால் பகலில் நாற்காலியைக் கரையில் போட்டு உட்காரலாம். வண்டி மேட்டில் நிற்கட்டும்.

அடுத்தது, வண்டி அந்த இடத்துக்குள் போகுமா என்பது. தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் பல, 1930-களின் பெருமந்தக் காலத்தில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்டவை. அன்றைய சிறிய வண்டிகளுக்கு ஏற்ற பாதைகள், வளைவுகள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் உள்ள மாதர் கேம்ப்கிரவுண்டில் 30 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. மின் இணைப்பும் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் டிரெய்லர் வில்லேஜில் 50 அடி வண்டியும் நிற்கலாம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உண்டு. ஒரே விளிம்பில் இரண்டு வேறு உலகங்கள். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் மலையைக் கடக்கும் புகழ்பெற்ற சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வாகனம் போகவே கூடாது. வாடகைக்குக் கிடைக்கும் ஆர்.வி.க்களில் 25 அடியும் 30 அடியும் சாதாரணம். அதை எடுத்துக்கொண்டு அங்கே போகிறவர்கள் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு வேறு வாகனம் பார்க்க வேண்டியதுதான். யெல்லோஸ்டோனில் மூன்று இணைப்புகளும் உள்ள ஒரே இடமான ஃபிஷிங் பிரிட்ஜில், கரடிகள் நடமாடுவதால் துணிச்சுவர் கொண்ட வண்டிகளை ஏற்பதில்லை. சமையல் மணம் வெளியே நிற்கவிடாமல் என் மனைவி உணவுப் பாத்திரம் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

இனி என் தொழில் சார்ந்த விஷயம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேம்ப்கிரவுண்டில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு வகை மின் இணைப்புகள் உண்டு. இரண்டாவது முதலாவதைப் போல இரு மடங்குகூட இல்லையே என்று பலரும் நினைக்கிறார்கள். 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட் கொண்ட ஒற்றைத் தடம். 3,600 வாட் வரை தாங்கும். 50 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் தடங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 50 ஆம்பியர். மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் அதிகம். 30 ஆம்பியரில் ஒரு ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவை இயக்கி, ரைஸ் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழும். இரண்டு ஏ.சி. உள்ள பெரிய வண்டிக்கு ஆகஸ்ட் மாத டெக்சாஸில் 50 ஆம்பியர் இல்லாமல் முடியாது.

அதைவிட முக்கியம் மின்னழுத்தம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் பார்க்கில், பிற்பகல் 3 மணிக்கு இணைப்புக் கம்பத்தில் அளந்து பார்த்தேன். 103 வோல்ட். விளம்பரத்தில் நீச்சல் குளமும் சுடுநீர்த் தொட்டியும் இருந்தன. கம்பிகளோ பழையவை, எல்லா வண்டிகளிலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மின்னழுத்தம் குறையக் குறைய ஏ.சி. கம்ப்ரஸர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி எரிந்துபோகும். மேலூர் பக்கத்தில் மின்மாற்றியிலிருந்து தொலைவாக, கடைசியில் இருக்கும் பம்பு செட் மோட்டார்கள் கோடையில் கருகுவது எதனாலோ, அதனால்தான் இதுவும். மேலாளரிடம் நிலைமையை விளக்கி, மின்மாற்றிக்கு அருகில் உள்ள இடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். அங்கே 114 வோல்ட் இருந்தது. மின்னழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டித்துவிடும் பாதுகாப்புக் கருவி கடைகளில் கிடைக்கிறது. வாடகை வண்டி எடுப்பவர்கள் அது வண்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கம்பத்தில் பிளக்கைச் செருகும்போது பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மத்திய அரசு கேம்ப்கிரவுண்டுகளைப் பதிவு செய்யும் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் இடங்களைத் தனித்தனியே திறந்து பார்க்கலாம். வண்டி நிற்கும் பாதையின் நீளம், அது எவ்வளவு சரிவு, பின்னோக்கி ஏற்ற வேண்டுமா அல்லது நேராக நுழைந்து நேராக வெளியேறலாமா, நிழல் உண்டா, எத்தனை ஆம்பியர் என்று வரி வரியாகக் கொடுத்திருப்பார்கள். படங்களைப் பார்க்கிற நேரத்தில் பாதியை இந்த வரிகளுக்குக் கொடுத்தால் போதும். சரிவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு: எரிவாயுவில் இயங்கும் ஆர்.வி. குளிர்பெட்டி வண்டி சமமாக நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நீண்ட நேரம் சாய்ந்து நின்றால் பழுதாகிவிடும். இரவில் உருண்டு விழாமல் தூங்கவும் சமதளம் வேண்டும். தரையில் உள்ள கழிவுநீர் வாய் வண்டியின் கழிவு வாயைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரிரு இரவுக்கு அந்த இணைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போகும்போது பொதுக் கழிவுத் தொட்டியில் இறக்கிவிடலாம்.

என் மனைவி பார்ப்பது வேறு. பெண்கள் குளியலறை எத்தனை மணிக்குச் சுத்தம் செய்யப்படுகிறது, அதற்குப் போகும் வழியில் விளக்கு உண்டா, கேம்ப் ஹோஸ்ட் அங்கேயே தங்கியிருக்கிறாரா. கேம்ப் ஹோஸ்ட் என்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதியர்; இலவச இடத்துக்குப் பதிலாகக் கேம்ப்கிரவுண்டைக் கவனித்துக்கொள்கிறவர்கள். இரவு 10 மணிக்கு மேல் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால் போய்ச் சொல்ல ஆள் இருப்பது பெரிய நிம்மதி. குளியலறைக்கு மிக அருகில் உள்ள இடம் வேண்டாம் என்பார், இரவெல்லாம் கதவு அடிபடும் என்று. அவர் சொல்வது சரி.

ரயில் பாதையையும் வரைபடத்தில் தேடுங்கள். மலிவான ஆர்.வி. பார்க்குகளில் கணிசமானவை தண்டவாளத்தை ஒட்டியே இருக்கின்றன. சாலை குறுக்கிடும் இடங்களில் நீளமாக இரண்டு, சிறிதாக ஒன்று, மறுபடி நீளமாக ஒன்று என ரயில் ஒலி எழுப்ப வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்கள் தவிர, நள்ளிரவுச் சரக்கு ரயிலுக்கும் விலக்கு இல்லை.

கட்டுரையில் ராணுவப் பொறியாளர் படையின் கேம்ப்கிரவுண்டுகள் ஒன்றுகூட இடம்பெறாதது எனக்கு வருத்தம். அணை கட்டி உருவான ஏரிகளின் கரைகளில் அந்தப் படை நாடு முழுக்கக் கேம்ப்கிரவுண்டுகளை நடத்துகிறது. எங்கள் பக்கத்தில் கேன்யன் ஏரியில் பாட்டர்ஸ் க்ரீக் இருக்கிறது. ஏரிக்காற்று, விசாலமான இடங்கள், மின்சாரம், தண்ணீர். சறுக்குமரமும் சுடுநீர்த் தொட்டியும் கிடையாது. ஆரவாரமான ரிசார்ட்டில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே இரண்டு மூன்று இரவுகள் தங்கலாம்.

உங்கள் வாசகர்களில் கிரீன் கார்டு பெற்று பிள்ளைகளோடு இங்கே வாழும் பெற்றோர் பலர் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு தகவல். 62 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களும் 80 டாலர் செலுத்தி வாழ்நாள் முழுவதற்குமான மூத்தோர் அனுமதி அட்டை வாங்கலாம். அதைக் காட்டினால் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. ராணுவப் பொறியாளர் படை, வனத்துறை, தேசியப் பூங்கா ஆகியவற்றின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் கட்டணம் பாதியாகும். மாநிலப் பூங்காக்களிலும் தனியார் பார்க்குகளிலும் இது செல்லாது. விசாவில் வந்து போகிறவர்களுக்கும் கிடைக்காது. அட்டை வைத்திருப்பவர் அந்த இடத்தில் தானே தங்க வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பக் கூடாது. வயதுக்கும் குடியிருப்பு உரிமைக்கும் சான்று காட்டினால், அட்டை வழங்கும் தேசியப் பூங்காக்களின் வாயிலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர்,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்