பணம் வந்தாச்சு, பில் மட்டும் ஏன் பாக்கி?

மண்டல மேலாளர் அவர்களுக்கு,
பொதுத்துறை வங்கி ஒன்று, சென்னை.

(பெயர் போடவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரியும்.)

மதிப்பிற்குரிய ஐயா,

பெரியமேட்டில் தோல் பை தைத்து ஏற்றுமதி செய்கிறவன் நான். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. ஜெர்மனி பார்ட்டி பணம் அனுப்பிவிட்டார். யூரோவை ரூபாயாக்கி, கமிஷனும் ஜிஎஸ்டியும் பிடித்துக்கொண்டு, என் கணக்கில் வரவு வைத்ததும் உங்கள் வங்கிதான். ஆனால் ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று ரிசர்வ் வங்கி கண்காணிக்கும் இடிபிஎம்எஸ் கணினி அமைப்பில், அந்தச் சரக்குக்காகச் சுங்கத்துறையில் நான் தாக்கல் செய்த இரண்டு ஷிப்பிங் பில்லும் இன்னும் பாக்கி.

காரணம்? இரண்டு இன்வாய்ஸுக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பினார். நடுவில் இருந்த வெளிநாட்டு வங்கி தன் கட்டணம் என்று 35 யூரோவை எடுத்துக்கொண்டது. "டேலி ஆகலை சார், மும்பைக்கு மெயில் போட்டிருக்கோம்" என்கிறார்கள் உங்கள் கிளையில். பதில் வருவதற்குள் அந்த அதிகாரிக்கு டிரான்ஸ்ஃபர். புதிதாக வந்தவரிடம் மறுபடி இன்வாய்ஸ் நகலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கிடையில் சுங்கத்துறை நோட்டீஸ் வந்துவிட்டது: ஏற்றுமதிப் பணம் வரவில்லை, வாங்கிய டிராபேக்கை (ஏற்றுமதிக்காகத் திருப்பித் தரும் வரியை) வட்டியோடு திருப்பிக் கட்டு. உங்கள் கணினி பாக்கி என்று காட்டும்வரை ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் என் பேச்சு எடுபடுமா?

10 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட பில்லை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே முடிக்கலாம், தொகை குறைந்திருந்தாலும் அதே உறுதிமொழி போதும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. என் இரண்டு பில்லும் அந்த வரம்புக்குள்தான். உறுதிமொழியும் கொடுத்தாயிற்று. வந்த பணத்தை பில்லோடு சேர்த்துக் கணக்கை முடியுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் கிளைக்கு வேகமே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் ஐபிஓ வந்தால் போதும், "டீமேட் இருக்கா சார், ஆஸ்பா போட்டுடலாமா" என்று போன் மேல் போன். ஆஸ்பா என்றால், பங்கு ஒதுக்கும்வரை விண்ணப்பப் பணத்தை நம் கணக்கிலேயே முடக்கி வைப்பது. பங்கு கிடைக்காதவரின் பணத்தைக் கெடுவுக்குள் விடுவிக்காவிட்டால் நாளொன்றுக்குக் குறைந்தது 100 ரூபாய் நஷ்டஈடு என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி வைத்திருக்கிறது. அங்கே கை தானாக ஓடுகிறது. எங்கள் பில்லுக்கும் அப்படியொரு மீட்டர் ஓட்டினால் மும்பை மெயிலுக்குக்கூட அன்றைக்கே பதில் வரும். ஏற்றுமதியாளர் சந்திப்பு என்று ஹோட்டலில் கூட்டிவைத்துப் பூங்கொத்து கொடுக்கிறீர்களே, அந்தச் செலவில் விவரம் தெரிந்த ஒருவரை அந்நியச் செலாவணி கவுன்ட்டரில் நிலையாக உட்கார வைத்தால் என்ன?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது ஒன்றே: இரண்டு பில்லையும் முடித்து, முடித்ததாக ஒரு கடிதம் தாருங்கள். சுங்கத்துறை விசாரணைக்கு அதைத்தான் நான் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நடப்புக் கணக்கு வாடிக்கையாளன்,
பெரியமேடு