எண்ணூர்த் தெருக்களுக்கு அமோனியா அலாரம்: மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத் தலைவருக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஐஸ் பிளான்ட்டுகளில் அமோனியா லைன் வேலை பார்த்துப் பழகியவன் நான். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் காட்டிக்கொண்டே போவோம். ஒழுக்கு இருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை திரண்டு எழும். கையில் திரியோடு விழித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அது போதும். தூங்குகிற ஊருக்கு எது போதும் என்பதுதான் இந்த மடல்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் அமோனியா குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கத்து மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அவர்கள் வலையையும் படகையும் நாசமாக்கியிருந்தது.

ஆலை வாசல் அருகே வாரியம் அளந்தபோது காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. இந்தச் சராசரி என்ற சொல்லில்தான் எனக்குக் கவலை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் கால் மணி நேரம் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு, அமோனியா அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணும் மூக்கும் தொண்டையும் எரியும். தொழிலாளர்களுக்கே கால் மணி நேரத்துக்கு 35 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்பது பல நாடுகளில் இருக்கும் அளவு. 50 பிபிஎம் என்பது கனமீட்டருக்குச் சுமார் 35,000 மைக்ரோகிராம். ஒரு நாளில் 96 கால் மணி நேரங்கள். மீதி நேரமெல்லாம் காற்று சுத்தமாக இருந்தால் அன்றைய சராசரி ஏறக்குறைய 365 தான் வரும். வரம்புக்குள்! ஊரே ஓடியிருக்கும், பதிவேட்டில் அந்த நாள் நல்ல நாளாக இருக்கும்.

காற்றை அளக்கும் நிலையங்களில் இருக்கும் விலை உயர்ந்த கருவிகளை நான் குறை சொல்லவில்லை. சட்டத்துக்கு நிற்கும் எண் அவற்றிடமிருந்துதான் வர வேண்டும். ஆனால் எண் சொல்லும் கருவி வேறு, ஆளை எழுப்பும் கருவி வேறு. எண்ணூர் குப்பங்களுக்கு இரண்டாவது வகை வேண்டும், ஒவ்வொரு தெருமுனைக் கம்பத்திலும் வேண்டும்.

அதற்குத் தோதானது உலோக ஆக்ஸைடு சென்சார். 1962ல் ஜப்பானில் நவோயோஷி தகுச்சி கண்டுபிடித்து, 1968லிருந்து பெருமளவில் தயாராகி வரும் பழைய சரக்குதான் இது. விரல் நுனி அளவு, மேலே கம்பி வலை மூடி. உள்ளே வெள்ளீய ஆக்ஸைடுத் துகள்களைச் சின்ன ஹீட்டர் ஒன்று சில நூறு டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அந்தச் சூட்டுப் பரப்பில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மின்சாரம் பாயச் சிரமப்படும். அமோனியா வந்தால் அந்த ஆக்ஸிஜனோடு வினைபுரிந்துவிடும், எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தை வைத்து சைரனை அடிக்கலாம்.

என் மேஜையில் ஒன்று இருக்கிறது. அமோனியா நனைத்த பஞ்சை ஒரு சாண் தூரத்தில் காட்டினால் சில நொடியில் முள் நகரும். பஞ்சை எடுத்த பிறகு பழைய நிலைக்கு வர மட்டும் சில நிமிடம் ஆகும். சரி, ஒரு நாள் பஞ்சே இல்லாமல் முள் நகர்ந்தது. பார்த்தால் அடுப்பில் கருவாடு!

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சென்சாருக்கு ஆளடையாளம் சரியாகத் தெரியாது. கருவாட்டு வாடை, சமையல் கேஸ், சாராய ஆவி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அசையும். கடற்கரை ஈரம் அதன் அடிப்படை அளவையே நகர்த்திவிடும். பெட்டியை சிலிகான் பசையால் அடைத்தால் அந்த ஆவியிலேயே சென்சார் மெல்லச் செத்துப்போகும், வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். மலிவு விலைக்கு நூறு வாங்கி, மாட்டி, ரிப்பன் வெட்டி, மறந்துவிடுவதாக இருந்தால் தயவுசெய்து மாட்டவே வேண்டாம். மூன்று முறை பொய்யாக அலறினால் நாலாவது முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு கம்பத்தில் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. உலோக ஆக்ஸைடோடு, வாயு வினைபுரியும்போது எழும் மின்னோட்டத்தை அளக்கும் மின்வேதியியல் சென்சார் ஒன்றும் வையுங்கள், ஈரப்பதமானியும் வையுங்கள். இரண்டு சென்சாரும் ஒத்துப்போனால், அல்லது அடுத்தடுத்த இரண்டு கம்பங்கள் ஒரே நேரத்தில் ஏறினால், சைரன் அடிக்கட்டும். ஒரு வீட்டு அடுப்புக்கு இரண்டு கம்பங்களும் சேர்ந்து ஏற வாய்ப்பு குறைவு. மாதம் ஒரு முறை அளவு தெரிந்த அமோனியாவைக் காட்டிச் சோதித்து, தேதியைக் கம்பத்திலேயே எழுதிப் போடுங்கள். பேட்டரி கட்டாயம். ஹீட்டர் அணைந்துவிட்டால் சென்சார் குருடு, புயல் நாளில்தான் கரன்ட் போகும்.

நிபுணர்களைத் தேடி வெளியே போக வேண்டியதும் இல்லை. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தார் அணு உலையில் சூடான சோடியத்துக்குள் நீராவி கசிவதைக் காட்டிக்கொடுக்க வெள்ளீய ஆக்ஸைடில் ஹைட்ரஜன் சென்சார் செய்தவர்கள். தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் துத்தநாக ஆக்ஸைடு படலத்தால் அமோனியாவைக் கண்டறியும் ஆய்வு நடந்திருக்கிறது. எண்ணூரின் உப்புக் காற்றில் ஒரு வருடம் வைத்துப் பார்க்கச் சொல்லி அவர்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது? காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும், குறுக்கே விலக வேண்டும். வாடையா கொண்டலா என்று மீனவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தூக்கத்தில் எழுந்த குழந்தைக்கும் தெரிய வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் காற்றுத் திசை காட்டும் துணிக்கூம்பு ஒன்றும், அதன் மேல் ஒரு விளக்கும் போதும். ஒத்திகையைப் பகலில் நடத்தாமல் இரவு பதினொன்றுக்கு மேல் ஒரு முறையாவது நடத்துங்கள்.

முதல் கம்பத்தைப் பெரியகுப்பத்தில் நடுங்கள். மாதச் சோதனைக்கு ஆள் இல்லை என்றால் கூலி வேண்டாம், நான் வருகிறேன். அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் நானும் தேவைப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு கருவி மெக்கானிக்