மகளிர் ஓவியர் குழு: நிறைவாண்டு அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குழுவைக் கலைப்பதெனச் சென்ற பொதுக்குழு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றியதால், இவ்வாண்டின் உழைப்பெல்லாம் விடைபெறும் கண்காட்சிக்கே சென்றது. பட்டறை இருந்த வாடகைக் கட்டடம் இடிக்கப்படவிருப்பதும், அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றும் வலு நம்மில் பலருக்குக் குறைந்துவிட்டதும் உறுப்பினர்கள் அறிந்தவையே.

கண்காட்சியின் முதல் சுவரில் நம் படங்கள் எதையும் மாட்டவில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால், கலைஞர்கள் கூடி வாழ்ந்து படைக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான காலத்தில் சென்னையில் இயங்கிய பெண் கலைஞர்கள் மிகச் சிலர். அவர்களுள் அர்ணவாஸ் வாசுதேவ், சிற்பி அனிலா ஜேக்கப், 1969இல் முப்பது வயது நிறையுமுன்பே மறைந்த டி.கே. பத்மினி ஆகியோரின் பெயர்களை மட்டும் அங்கே எழுதி வைத்தோம். பார்வையாளர்களில் பலர் இப்பெயர்களை முதன்முறையாகக் கேள்விப்படுவதாகச் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

அச்சு ஓவியங்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஒரு தகட்டிலிருந்து குறித்த எண்ணிக்கையில் பிரதிகள் எடுத்தபின், மேலும் எவரும் எடுத்துவிடாதபடி அதன் குறுக்கே ஆழமாகக் கீறிவிடுவது அச்சுக்கலையின் வழக்கம். பட்டறை இனி இல்லை என்பதால், படம் செதுக்கி அச்சிடும் லினோ அட்டைகளையும் துத்தநாகத் தகடுகளையும் அவரவர் கையாலேயே கீறி, அந்தந்தப் படத்தின் பக்கத்திலேயே மாட்டினோம். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் தம் தகட்டில் ஊசி வைக்க மனம் வரவில்லை என்று கூறி, அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். நிர்வாகக் குழு அவரை வற்புறுத்தவில்லை. அதுவே முறை என்று கருதுகிறேன்.

நீர்வண்ணப் படங்கள் சிலவற்றில் பட்டறையின் ஈரத்தால் பூஞ்சை படர்ந்திருந்தது. கண்ணாடியைத் தாள் தொடாதபடி அட்டைச் சட்டம் வைத்து அவற்றை முன்னரே மாட்டியிருக்க வேண்டும். இக்குறைக்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுள்ளது. பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மீதித் தொகையை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வதில்லை என்பது நாம் ஒருமனதாக எடுத்த முடிவு. அச்சு இயந்திரம் ஓவிய மாணவியருக்குச் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

எந்தப் படம் யாரிடம் உள்ளது, எந்த ஆண்டில் எந்த ஊடகத்தில் செய்யப்பட்டது என்ற பதிவேடு இன்னும் முழுமையாகவில்லை. விற்றவை, பரிசளித்தவை உள்ளிட்ட பட்டியலை இதுவரை தராத உறுப்பினர்கள் இன்று கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தருமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்