பன்னிரண்டு பாடல்களும் பனிக்குள் ஒரு வில்லையும்

செயின்ட் பால், மினசோட்டா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, சனிக்கிழமை யாப்பு வகுப்பை மீண்டும் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அலகு பிரிக்கக் கற்றுக்கொண்டதும் எதற்கெடுத்தாலும் வெண்பா எழுதி உன் வாட்சப்பை நிரப்புகிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த அலுப்புக்குள் இருக்கும் பெருமையை நான் அறிவேன். நாம் கல்லூரியில் படித்தபோது நம் ஆசிரியரும் உன்னைப் பற்றி இப்படித்தான் அலுத்துக்கொண்டார்.

இங்கே குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். இந்த ஊர்க்காரர்கள் கடுங்குளிரில் வெளியே போய்ச் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். யாப்புக் கற்பிக்கும் உனக்கு அதில் ருசி இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் இந்த ஊரின் ரோஷத்தைச் சொல்ல வேண்டும். 1885ஆம் ஆண்டில் நியூயார்க் செய்தியாளர் ஒருவர் இங்கே வந்துவிட்டுப் போய், செயின்ட் பால் இன்னொரு சைபீரியா, குளிர்காலத்தில் மனிதர் வாழத் தகாத இடம் என்று எழுதிவிட்டார். ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. மறு ஆண்டே, 1886இல், குளிரையே கொண்டாடும் திருவிழா ஒன்றைத் தொடங்கி, பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி ஒரு மாளிகையையும் எழுப்பிக் காட்டினார்கள். அந்த ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில் பெரியம்மை பரவியதால் அங்கே திருவிழா நடக்கவில்லை. அங்கு பனி மாளிகை கட்டிப் பழகியவர்களே இங்கு வந்து கட்டிக்கொடுத்தார்கள். வாடைக்காற்றின் அரசனான போரியஸ் ஊரை ஆள்வதாகவும், நெருப்பின் தலைவனான வல்கன் தன் செவ்வாடைப் படையோடு வந்து கடைசி நாளில் அவனை விரட்டுவதாகவும் ஒரு கதை கட்டி, அதை ஆண்டுதோறும் ஊர்வலங்களாக நடத்துகிறார்கள். நம் ஊர்ச் சூரசம்காரத்தைப் போல, முடிவு எல்லாருக்கும் தெரிந்திருந்தும் கூட்டம் குறைவதில்லை.

இந்தத் திருவிழாவோடு சேர்ந்ததுதான் புதையல் வேட்டை. ‘பயனியர் பிரஸ்’ என்னும் உள்ளூர் நாளிதழ் 1952 முதல் இதை நடத்திவருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும், பதக்கம் போன்ற ஒரு வில்லையை, இந்த ஊர் அடங்கிய மாவட்டமான ராம்சி கவுண்டிக்குள் ஏதாவது ஒரு பொது இடத்தில், பெரும்பாலும் பூங்காவில், ஒளித்துவைத்துவிட்டு, ஜனவரியின் பிற்பகுதியில் நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துப்புகளை வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு துப்பும் ஒரு சிறு பாட்டு. எழுதுகிறவர் யார் என்பது ரகசியம். வில்லையைக் கண்டெடுப்பவருக்கு முழுப் பரிசு 10,000 டாலர். ஆனால் அதை முழுதாகப் பெற வேண்டுமென்றால் திருவிழாவின் பேட்ஜை விலைகொடுத்து வாங்கிப் பதிவும் செய்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அச்சிலிருந்து வரும் முதல் பிரதிக்காக மக்கள் இரவில் நாளிதழின் வாசலில் காத்துக் கிடப்பார்களாம். இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது.

முதல் துப்பில் ஒன்றும் இருக்காது. வாழ்த்தும் வரவேற்பும் போரியஸ் புராணமுமாக, காப்புச் செய்யுள் போல ஒன்று வரும். பிறகு வருகிறவை ஒவ்வொன்றும் இருபொருள் படப் பேசும்: ஒரு தெருப்பெயரைத் துண்டாக்கி இரண்டு அடிகளில் ஒளித்துவைக்கும், மறைந்துபோன ஒரு கடையை நினைவூட்டும், எழுத்துகளைக் கலைத்துப் போடும். கடைசித் துப்புகளுக்கு வரும்போது எந்தப் பூங்கா, எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்கிற அளவுக்குத் திரை விலகிவிடும். பன்னிரண்டாவது வெளிவந்துவிட்டால் அறிவுக்கு அங்கே வேலையில்லை, ஓடுகிறவன் கால்தான் பேசும். அதற்கு முன்பே, பாட்டு மூடியிருக்கும்போதே, கண்டுபிடிப்பவர்கள்தாம் இங்கே மதிக்கப்படுகிறார்கள். எனக்கும் அந்த இடைப்பட்ட நாட்கள்தாம் பிடித்தவை.

இப்போது உன் துறைக்கு வருகிறேன். இந்தப் பாடல்களில் அடிகளின் கடைசிச் சொற்கள் ஒலியில் ஒத்துவர வேண்டும். நம் கணக்கில் இது இயைபுத் தொடை. துப்பை அவிழ்க்கிறவர்கள் எல்லாரும் ஒவ்வொரு சொல்லையும் ஒரே எடையில் நிறுக்கிறார்கள். வழிதவறுவது அங்கேதான் என்பது என் கருத்து. தொடைக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறவன் கையில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கும். ஒன்று, அவன் சொல்ல வந்த பொருளுக்காக வைத்தது. மற்றது, அந்தச் சொல்லுக்கு ஒலித்துணையாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. நீ உன் மாணவர்களின் வெண்பாவைப் பார்த்தவுடனே ‘இது எதுகைக்காக வந்த சொல்’ என்று பென்சிலால் வட்டம் போடுவாயே, அந்தக் கண் இங்கே பத்தாயிரம் டாலர் பெறும்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சில அடையாளங்களைத் தேர்ந்துவைத்திருக்கிறேன். ஒரு சொல்லை அடியின் கடைசிக்குக் கொண்டுவருவதற்காக வாக்கியமே முறுக்கிக்கொண்டு நின்றால், அந்தச் சொல் பெரும்பாலும் வெறும் ஒலித்துணை. மாறாக, அடியின் நடுவில், எந்தக் கட்டாயமும் இல்லாத இடத்தில், வழக்கத்தில் இல்லாத ஒரு சொல் வந்து உட்கார்ந்திருந்தால், அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதற்கு எளிய மாற்றுச் சொல் பல இருந்தும் எழுதியவன் ஏன் இதைத் தேர்ந்தான் என்று கேட்க வேண்டும். இதையே நேர்மாறாகப் பயன்படுத்தி ஏமாற்றவும் தேர்ந்த கை ஒன்றால் முடியும் என்பது உண்மைதான். அதனால்தான் இது இவ்வளவு ஆண்டுகளாகச் சலிக்காமல் நடக்கிறது.

நாளிதழ் வெளியிட்ட துப்பை இங்கே பெயர்த்து எழுதினால் அதன் தொடை போய்விடும். ஆகவே நானே ஒன்றைத் தமிழில் கட்டிப் பார்த்தேன். இது என் சொந்தச் சரக்கு. இந்த ஊரில் உண்மையாகவே உள்ள ஓர் இடத்தைச் சுட்டுவது.

தீவென்று பேருண்டு தீவல்ல இப்போது
சேவையாய்ப் பாடஞ்சொல் செல்விபேர் பூண்டிருக்கும்
நாவாய்கள் நின்ற கரையில் நகர்பார்த்துத்
தாவாமல் தேடு தரை.

தளை தட்டாது என்று நினைக்கிறேன். தட்டினால் வட்டம் போட்டு அனுப்பு. இந்த இடம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹேரியட் தீவு. ஒரு காலத்தில் தீவாகவே இருந்தது. கரைக்கும் அதற்கும் நடுவில் ஓடிய கால்வாயைத் தூர்த்துவிட்டதால் இப்போது கரையோடு ஒட்டிய பூங்காவாகிவிட்டது. 1847இல் இந்த ஊருக்கு வந்து பள்ளி நடத்திய ஹேரியட் பிஷப் என்ற ஆசிரியையின் பெயர் அதற்கு. எதிர்க்கரையில் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும், சுற்றுலாப் படகுகள் அங்கிருந்து புறப்படும்.

இனி இதை ஒரு வேட்டையர் எப்படிப் படிப்பார் என்று பார். ‘தாவாமல்’ என்ற சொல் அவர் கண்ணில் படும். தாவுவது தவளை, இந்த ஊரில் தவளைப்பட்டணம் என்று பொருள்படும் ஃபிராக்டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. உடனே கையில் வாரியை எடுத்துக்கொண்டு அங்கே போய் இரவு முழுவதும் பனியைக் கிளறுவார். நானோ தீவுக்கும் நாவாய்க்கும் எதுகை வேண்டும் என்று அலைந்து அந்தச் சொல்லைப் பிடித்துப் போட்டேன். அதற்கு வேறு வேலையே இல்லை. ‘சேவையாய்’ என்பதும் அப்படியே. ஆனால் ‘செல்வி’ என்ற சொல்லை எந்த எதுகையும் கேட்கவில்லை. ‘நங்கை’ என்றோ ‘பெண்மணி’ என்றோ வேறு எதையாவது போட்டிருக்கலாம். அவர் மணமாகாதவராக இங்கு வந்து சேர்ந்தார் என்பதால்தான் அதை வைத்தேன். சிக்கலானது ‘நாவாய்கள்’. அது எதுகைக்காகவும் வந்தது, உண்மையாகவும் அமைந்துவிட்டது. இப்படி இரண்டு வேலையையும் ஒரே சொல் செய்யும்போது என் அடையாளங்கள் எல்லாம் கைவிட்டுவிடும். அந்த இடத்தில் ஊரைப் பற்றிய அறிவுதான் துணை.

அந்த அறிவைச் சேர்க்கத்தான் நான் இங்கே இவ்வளவு படித்தேன். இந்த ஊருக்கு முதலில் வழங்கிய பெயர் பன்றிக்கண். ஆற்றங்கரையில் சாராயம் விற்ற பியர் பாரன்ட் என்பவரின் பட்டப்பெயர் அது. 1841இல் லூசியன் கால்ட்டியர் என்ற பாதிரியார் புனித பவுலுக்கு, அதாவது செயின்ட் பாலுக்கு, ஒரு மரச் சிற்றாலயம் கட்டி, அந்தப் பெயரை ஊருக்குக் கொடுத்துக் கௌரவத்தைக் காப்பாற்றினார். ஆனாலும் தென்கிழக்கில் ஓர் ஏரி இன்றும் பன்றிக்கண் என்றே வழங்குகிறது. பாட்டில் பன்றி என்றோ கண் என்றோ ஒரு சொல் தட்டுப்பட்டால் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும். ஸ்வீட் ஹாலோ என்றொரு பள்ளத்தாக்கு. ஸ்வீடன்காரர், இத்தாலியர், மெக்சிகோக்காரர் என்று புதிதாக வந்து சேர்ந்த ஏழைகள் ஒருவர்பின் ஒருவராகக் குடியிருந்த இடம். 1956இல் நகராட்சியே அங்கிருந்த வீடுகளுக்குத் தீ வைத்து அழித்தது. இன்று அது மரங்கள் அடர்ந்த பூங்கா. ‘நெருப்பு’ என்று துப்பில் வந்தால் அது வல்கனா, ஸ்வீட் ஹாலோவா? திருவிழாக் கதையைக் காட்டி உண்மையான வரலாற்றை மறைப்பது எவ்வளவு எளிது, பார்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆற்றுக்கு மேலே உயர்ந்த செங்குத்துக் கரையில் இந்தியன் மௌண்ட்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. அங்கே உள்ள மேடுகள் பழங்குடி மக்களின் ஈமக் குன்றுகள். பல இருந்து ஆறு எஞ்சியிருக்கின்றன. டகோட்டா மக்களுக்கு அது இன்றும் புனிதமான இடம். பரிசு ஆசையில் மண்வெட்டியோடு அங்கே நடமாடுவது எனக்குத் தகாததாகப் படுகிறது. பேத்தியிடமும் அந்தப் பூங்காவை நம் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொதுவாகவே மண்ணைத் தோண்ட வேண்டிய தேவை இல்லை. தரையே கல்லாக உறைந்திருக்கும். வில்லை பனிக்கு அடியிலோ சருகுக்குள்ளோதான் கிடக்கும். அதுவும் வில்லையாகக் கிடக்காது. குப்பையென்று எவரும் ஒதுக்கித் தள்ளும் ஒரு பொருளுக்குள் இருக்கும். ஒருமுறை குழந்தையின் டயப்பருக்குள் வைத்திருந்தார்களாம். ஆகவே வேட்டைக் காலத்தில் பூங்காவில் கிடக்கும் எந்தக் குப்பையையும் மரியாதையோடு பிரித்துப் பார்ப்பது வழக்கம். பூங்கா சுத்தமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மகள் அலுவலகம் முடிந்து வந்ததும் நாங்கள் மூவரும் புறப்படுவோம். மூன்று அடுக்குக் கம்பளி, நெற்றியில் கட்டும் விளக்கு, ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் மூச்சு மீசையிலேயே உறைந்துவிடும். ஆனாலும் அங்கே போனால் பேச ஆள் உண்டு. ஆண்டுதோறும் சந்திக்கும் முகங்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை, ஆனால் நாலாவது துப்பின் மூன்றாம் அடியைப் பற்றி அரைமணி நேரம் வாதாடியிருக்கிறோம். ஒருவர் தான் கண்டுபிடித்த பொருளை முழுவதும் சொல்லமாட்டார், பாதியைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நாமும் பாதி சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரின் எல்லாத் தெருப்பெயர்களும் அவருக்கு மனப்பாடம் என்பதால் எல்லாரும் அவரையே சுற்றிவருவார்கள். படித்தவர்களைவிட அவர் சொல்வது பலிக்கிறது என்பதை நான் கவனித்துவருகிறேன்.

யாராவது வில்லையைக் கண்டெடுத்த பிறகு நாளிதழே ஒவ்வொரு துப்புக்கும் உரை எழுதி வெளியிடும். எனக்குப் பரிசைவிட அந்த உரைக்குத்தான் காத்திருப்பு. மகள் அதைப் படித்துவிட்டு, ‘இப்படிப் பொருள் கொண்டால் எந்தப் பூங்காவுக்கும் பொருந்துமே’ என்று பாதிக்கு மேல் தள்ளிவிடுவாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடை தெரிந்த பின் எந்தத் துப்பும் பொருத்தமாகத் தோன்றும். நல்ல துப்புக்கு வேறொரு தகுதி வேண்டும். விடையை அறிந்ததும் ‘இதை நான் நேற்றே பார்த்திருக்கலாமே’ என்று வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். வேறு எந்த இடத்திற்கும் அதே அளவுக்குப் பொருந்தக் கூடாது. அந்தத் தகுதி உள்ளவை ஆண்டுக்கு மூன்றோ நான்கோ தேறினால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு என்பேன். மகள் இரண்டுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். கும்பகோணத்தில் ஓர் இடத்தை மனத்தில் வைத்து உன் மாணவர்களைக் கொண்டு துப்பு வெண்பா எழுதச் சொல். கோயில் கோபுரமும் மகாமகக் குளமும் வேண்டாம், அவை எளிது. நாம் இருவரும் சைக்கிளில் சுற்றிய சந்துகளில் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். நீ திருத்தாமல் அப்படியே அனுப்பு. எது எதுகைக்காக வந்த சொல் என்று நானே வட்டம் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு ஊர் இன்னும் எவ்வளவு நினைவிருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். பேத்திக்குத் தமிழில் பேச வரும், படிக்க இப்போதுதான் பழகுகிறாள். ஆகவே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல். கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்