குவி

அன்புள்ள கண்ணா,

உன் செய்தி வந்தது. பொங்கலன்று பேசியதற்குப் பிறகு நான்கு மாதம் கழித்து ஒரே ஒரு வரி. “போகஸ் செய்வதற்குத் தமிழில் சரியான வினைச்சொல் எது அம்மா?” அது வந்தபோது இங்கே காலை ஏழு மணி. லண்டனில் இரவு இரண்டரை. நீ சொல்லைக் கேட்டிருக்கிறாய், நானும் சொல்லைப் பற்றியே எழுதுகிறேன்.

குவி. 31 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய சொல். குவிலென்ஸ், முதன்மைக் குவியம், குவியத் தொலைவு. லென்ஸை ஜன்னலுக்கு எதிரே பிடித்துத் தெருக்கோடி வேப்பமரத்தை வெள்ளைத் தாளில் தலைகீழாக விழவைப்போமே, நினைவிருக்கிறதா? தாளை முன்னும் பின்னும் நகர்த்தி, மரம் தெளிந்து நிற்கும் இடத்தில் அளவுகோலை வைத்தால் அதுதான் குவியத் தொலைவு. ஆறு வயதில் நீ அந்தத் தாளை மடித்து, மரம் உள்ளே இருக்கிறது என்று பள்ளிப் பையில் வைத்துக்கொண்டாய்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதே. லென்ஸ் ஒளியைக் குவிக்கும். கேமராக்காரர் ஆளைக் குவிப்பதில்லை. ‘ஆட்களைக் குவித்தார்’ என்றால் கூட்டம் சேர்த்தார் என்றாகிவிடும். அங்கே பிம்பத்தைத் தெளிவாக்கினார் என்று எழுது. மனத்துக்கு ‘ஒருமுகப்படுத்து’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, சுற்றறிக்கை வாசிப்பது போல இருக்கிறது. களத்தில் நெல் குவிவதும், கும்பிடும்போது கை குவிவதும், ஊதும்போது உதடு குவிவதும் இந்த ஒரே சொல்தான். மனமும் குவியட்டும்.

கண்ணாடி மாற்றினாயா? பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது சிலியரித் தசை சுருங்கி விழிலென்ஸைத் தடிக்கச் செய்கிறது. தூரத்தைப் பார்க்கும்போதுதான் அது தளரும். இரவெல்லாம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஓய்வு ஏது? எழுந்து ஜன்னலோரம் போய்த் தூரத்தில் எதையாவது பார். நேரத்துக்குத் தூங்கு. நம் கொல்லைப் புளியமரத்தின் இலைகூட இருட்டியதும் குவிந்துவிடுகிறது.

சின்ன மாமா ஏதோ சொன்னார். நான் மேலே கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கமாட்டேன். அவளுக்கு என் அன்பைச் சொல். சொல்லும் நிலையில் இருந்தால் சொல். அந்தக் குழந்தைகள் புத்தகத்துக்காகத்தான் சொல் தேடுகிறாய் என்றால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு இல்லை. அங்கே இருந்துகொண்டு தமிழ்ச்சொல் கேட்கிறான் என்று எதிர்வீட்டில் சொல்லியும் விட்டேன். சொல் கேட்கத் தெரிந்தவனுக்கு, சாப்பிட்டாயா என்று அம்மாவைக் கேட்கத் தெரியவில்லை. போகட்டும். தூங்கு, அது போதும்.

நீ கேட்ட பிறகு ஒரு வாரமாக இந்தச் சொல்லே மனத்தில் ஓடுகிறது. தானாக நடந்தால் குவிந்தது, ஒருவர் செய்தால் குவித்தது. ஏவும்போது மட்டும் இரண்டும் ஒரே ‘குவி’தான். தினமும் படிக்கும் சிவபுராணத்தில் ஒன்பதாம் வரி, ‘கரங்குவிவார்’. குவிப்பார் இல்லை, குவிவார். கை தானே குவிகிறது. தொல்காப்பியத்திலும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் ‘இதழ் குவிந்து இயலும்’ என்றுதான் வருகிறது. குவித்து என்று இல்லை. இத்தனை வருடம் வாயால் சொல்லியும் இது என் காதில் விழவில்லை.

பிளஸ் டூ படித்த வருடம் காலை நாலரைக்கு உன்னை எழுப்பி நான் சொன்னது எப்போதும் ஒன்றுதான். மனத்தைக் குவி. நீ படம் வரைந்துகொண்டிருப்பாய். அந்த ஏழு நோட்டுகளும் வீடு மாறியபோது தொலைந்துவிட்டன என்று சொன்னேன். தொலையவில்லை, கண்ணா. நீ சிறப்பு வகுப்புக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை நான்தான் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். லாரி வந்த அன்று மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தேடினாயே, உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தேடினேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. 1,142 மதிப்பெண் வாங்கினாய். நான் செய்தது சரிதான் என்று அந்த எண்ணைக் காட்டி எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். நீ இப்போது இரவு இரண்டரைக்கு விழித்திருப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. அந்த நோட்டுகளில் ஒன்றின் முதல் பக்கத்தில் நம் வேப்பமரம் தலைகீழாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன்.

ஒளிக்குக் குவி, கேமராவுக்குத் தெளிவாக்கு. கண்ணாடியை மறக்காமல் மாற்று. நான் இப்போதும் காலை நாலு மணிக்கு விழித்துவிடுகிறேன். அங்கே அப்போது இரவு பதினொன்றரை. விழித்திருந்தால் அழை. தூங்கியிருந்தால் அழைக்க வேண்டாம்.

அம்மா